நம்ம மேட்டுல பூக்குற செண்டுடுக்

எல்லாருக்கும் வணக்கம். சாயங்கால வேலையெல்லாம் போட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

போன மாசம் இங்க கேமரன் மலை அடிவாரத்துல, தாப்பாவுலயே ஒரு தம்பி கேட்டாரு, அக்கா, வீட்டு முன்னால கல்லு அடுக்கி தோட்டம் போடப் போறேன், குறிஞ்சி வெதை எங்க கெடைக்கும்னு. நல்ல ஆசைதான். ஆனா குறிஞ்சி நீலகிரி, கொடைக்கானல், மூணாறு பக்கத்து மலைப் பூ, குளுருல வளர்றது, 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்குறது, 2018-ல பூத்துச்சு, இனிமே 2030-லதான். நம்ம அடிவாரத்து சூட்டுக்கு அது நிக்காது, வெளிநாட்டு வெதைய பெர்மிட் இல்லாம மலேசியாவுக்குள்ள கொண்டு வரவும் கூடாது. நான் அந்தத் தம்பிய ரிங்லெட் ஏறுற ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். மலைய வெட்டி விட்ட செம்மண் சரிவுல, கல்லு இடுக்குல, யாரும் நடாம யாரும் தண்ணி ஊத்தாம ஊதாப்பூ பூத்து நிக்குது பாருங்க, செண்டுடுக், அதைக் காட்டினேன். நமக்குச் சொந்தமான மலைப்பூ அதுதான்.

இங்க இருக்குற பெரியம்மாமாருக்கு இந்தப் பேரக் கேட்டதும் வேற ஞாபகம் வரும். எங்கம்மா தோட்டத்துல மருந்து அடிச்சவங்க, முதுகுல பம்பு மாட்டிக்கிட்டு ரப்பர் பால்மரத்துக்கு நடுவுல போறப்ப மண்டோரு, அதான் வேலைய மேக்குற கங்காணி, சொல்றது, செண்டுடுக்க விடாத, வேரோட சாகணும்னு. கையில உறை குடுக்கல. அம்மாவுக்கு வெரல் நகம் வெளுத்து ஒவ்வொண்ணா விழுந்தத நான் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். அந்தக் களைக்கொல்லி பராகுவாட், இந்த நாட்டுல 2020 ஜனவரி 1-லேருந்துதான் முழுசா தடை. செடியும் செத்துச்சு, அடிச்சவங்க கையும் வெந்துச்சு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

சரி, பூவுக்கு வர்றேன். காலையில ஏழரை எட்டுக்குப் போய் கிட்டக்க குனிஞ்சு பாருங்க. அஞ்சு இதழு, நடுவுல மகரந்தம் வச்சிருக்குற பத்து கேசரம், அதுல அஞ்சு சின்னதா மஞ்சளா இருக்கும், அஞ்சு நீளமா ஊதாவா அருவா மாதிரி வளைஞ்சிருக்கும். தேன் ஒரு சொட்டு கெடையாது. அப்ப எதுக்கு வண்டு வருதுன்னா மகரந்தத்துக்கு, அதுவும் கேசரத்து நுனியில ஒரு ஊசி ஓட்டை, அந்த வழியாத்தான் வெளிய வரும், தேனீ வந்து தேய்ச்சாலும் வராது. நம்ம கருவண்டு இருக்கே, மரத்துல ஓட்டை போடுமே பெருசா, றெக்கை நீலப்பச்சையா மின்னும், அது வந்து மஞ்சக் கேசரத்தப் புடிச்சுக்கிட்டு றெக்கைய அடிக்காமலே ஒடம்ப மட்டும் நடுக்கும், ஊஊஊம்னு ஒரு சத்தம், அப்படியே மகரந்தம் பொடிப்பொடியா பீச்சி அடிக்கும். மஞ்சள் அதுக்கு சாப்பாடு, ஊதாவுலேருந்து வர்றது அதுக்கே தெரியாம ஒடம்புல ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போயிடும். சாயங்காலத்துக்குள்ள பூ வாடிடும், மறுநாள் வேற பூ.

இதுல நமக்கு என்னன்னு கேப்பீங்க. கத்தரிக்கும் இதே மாதிரி நுனி ஓட்டைதான், தக்காளியிலயும் மகரந்தம் கேசரக் கூம்போட நுனி வழியாத்தான் வெளிய வரும்! கருவண்டு வர்ற வீட்டுல கத்தரி நல்லா காய் புடிக்கும். தேனீக்கு அந்த நடுக்கம் தெரியாது. செம்பனை, அதான் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துல இருந்தவங்களுக்கு இது சீக்கிரம் புரியும், அந்தக் காலத்துல மகரந்தப் பொடிய கையாலயே குலைக்குத் தூவுனோம்ல, 1981-ல ஆப்பிரிக்காவுல இருக்குற கேமரூன் நாட்டுலேருந்து அந்தச் சின்ன வண்டக் கொண்டாந்து விட்டப்புறம்தானே அந்த வேலை போச்சு. ஒரு பூச்சி எத்தன பேரு வேலைய செய்யுதுன்னு நம்ம சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம்.

நடுறப்ப ஒரே ஒரு விஷயத்துல கவனமா இருங்க, கல்லு. இது புளிப்பு மண்ணு செடி, மத்த செடிக்கு விஷமா இருக்குற அலுமினியத்தக் கூட இலையில சேத்து வச்சுக்கிட்டு நல்லா வளரும். அதனால ரெனொவேஷன் பண்ண சிமெண்டு ஒடைசல், ஈப்போ பக்கத்து சுண்ணாம்புக் கல்லு, இது ரெண்டும் வேணாம், அதுல சுண்ணாம்பு எறங்கி இலை மஞ்சளாப் போயிடும். நம்ம தித்திவங்சா மலை கருங்கல் மலை, ஆத்தோரத்துல கெடக்குற அதே கல்லு போதும், நடுவுல செம்மண்ணு, முழு வெயிலு. உரம் போடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தரம் கத்தரிச்சு விட்டா புதரா ஆகாம அடக்கமா நிக்கும். பக்கத்துல ஒரு காஞ்ச மரக்கட்டை போட்டு வைங்க, கருவண்டு அதுல ஓட்டை போட்டு குடும்பம் நடத்தும், வீட்டு மரச்சட்டத்துக்குப் போறது கொறையும். பழம் வெடிச்சு கருஊதாவா வர்றப்ப குருவிங்க வரும். நாமளும் தின்னவங்கதானே, நாக்கு கருத்துப் போய் வீட்டுல மாட்டிக்குவோம். அதோட அறிவியல் பேரு மெலஸ்தோமாவுக்கே கிரேக்கத்துல கருத்த வாய்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, வெளிநாட்டுல இருக்குற புள்ளைங்களுக்கு வெதை அனுப்பிடாதீங்க. ஹவாயில இதே செடி காட்டுக்குள்ள பூந்து அங்க உள்ள செடிய அமுக்கிடுச்சு, அமெரிக்காவுல இது தடை செஞ்ச களை. இங்கதான் இது வீட்டுப் பிள்ளை.

எங்க வீட்டு முன்னால மூணு செடி வச்சேன். முதல்ல அம்மாவுக்குப் புடிக்கல, இத ஏன்டி வீட்டுக்குக் கொண்டாந்தன்னு கேட்டாங்க. இப்ப காலையில கோப்பித்தம்ளரோட நாற்காலிய அது பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்துக்குறாங்க, கருவண்டு வந்தா, ஏய் சத்தம் போடாத, வேலை செய்யுதுன்னு என்னைய அதட்டுறாங்க.

வெளிய மேசையில முப்பது நாத்து வச்சிருக்கேன், எல்லாம் அந்த மூணு செடியிலேருந்து தண்டு வெட்டி வேர் விட்டது. காசு வேணாம். மருந்து அடிச்ச பெரியம்மாமாரு மொதல்ல வந்து எடுத்துக்குங்க.