கண் டாக்டர் எழுதியது 6/9, எக்செல் படித்தது செப்டம்பர் 6!

[திரையில் ஒரு செல். 6/9 என்று டைப் ஆகிறது. என்டர் தட்டியதும் 06-செப் ஆகிறது.]

பார்த்தீர்களா? நான் அடித்தது ஓர் அம்மிச்சியின் பார்வை அளவு. எக்செல் அதைத் தேதியாக்கிவிட்டது. சரி, டெக்ஸ்டாக மாற்றலாம் என்று ஃபார்மேட்டை மாற்றினால் 45906 மாதிரி ஓர் ஐந்திலக்க எண் வந்து நிற்கும். 6/9 போனது போனதுதான்.

வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. உதவிக்குப் போயிருந்தேன். முந்நூறுக்கு மேல் ரிப்போர்ட், ஒவ்வொன்றும் ஒரே பத்தியாக ஆங்கிலத்தில் அடித்தது. ஆர்ஈ என்றால் வலது கண், எல்ஈ என்றால் இடது கண். பார்வை மிகவும் குறைந்தவர்களை முதலில் கூப்பிட வேண்டும், அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். கையால் அடித்தால் விடிந்துவிடும். அதனால் ஃபார்முலா.

தேதிச் சிக்கலுக்கு வழி சுலபம்: அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள். இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கியதால் 27 மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அது 2020-இல் பெரிய செய்தி.

அப்புறம், இந்த 6/9 என்பது என்ன? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1862-இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சுக் கண் மருத்துவர் உருவாக்கிய எழுத்து அட்டையிலிருந்து வருகிறது. மேலே இருப்பது நீங்கள் நிற்கும் தூரம், 6 மீட்டர். கீழே இருப்பது, நல்ல பார்வை உள்ளவர் அதே எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பது. கோபி பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். சத்தி பஸ் வருகிறது. பக்கத்தில் நிற்பவர் போர்டை 60 மீட்டரிலேயே படித்துவிடுகிறார். உங்களுக்கு அது 6 மீட்டருக்கு வந்தால்தான் தெரிகிறது என்றால், உங்கள் பார்வை 6/60. பஸ் உங்களைத் தாண்டப் போகிற நேரம்! அதற்கும் மிகக் கீழே போனால் பின்னமே இருக்காது. விரல் எண்ணுதல், அதற்கும் கீழே கையசைவு, அதற்கும் கீழே வெளிச்சம் மட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: [0-9]+/[0-9]+]

கூகுள் ஷீட்ஸில் ரீஜெக்ஸ்எக்ஸ்ட்ராக்ட் என்ற ஃபார்முலா இருக்கிறது. புது எக்செல் 365-இலும் இருக்கிறது. "எண்கள், ஒரு சாய்கோடு, மறுபடி எண்கள், இந்த உருவத்தைப் பிடித்துக் கொடு" என்பதுதான் திரையில் இருப்பதற்கு அர்த்தம். "ஆர்ஈ-க்கு அப்புறம் முதலில் வரும் பின்னம்" என்று எழுதி இழுத்துவிட்டேன். ஒரே நொடியில் நெடுவரிசை நிறைந்துவிட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பத்து ரிப்போர்ட்டைக் கண்ணால் சரிபார்த்தேன். ஏழாவதில் தூக்கிவாரிப் போட்டது.

[திரையில்: ஆர்ஈ: கையசைவு, எல்ஈ: 6/9]

வலது கண்ணில் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் மட்டும் தெரிகிற ஓர் அம்மிச்சி. பட்டியலில் வலது கண் 6/9 என்று இருக்கிறது! ஆர்ஈ-க்கு அப்புறம் பின்னமே இல்லை. ஃபார்முலா நிற்காமல் போய் இடது கண்ணின் பின்னத்தை எடுத்து வந்துவிட்டது. பிழை என்று சிவப்பாகக் காட்டியிருந்தால் பார்த்திருப்பேன். காட்டவில்லை. யாரை முதலில் கூப்பிட வேண்டுமோ, அவர்தான் கடைசிக்குப் போயிருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு விதைக்கரணை வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு வழி உடனே புரியும். கணு பார்த்து, இரண்டு கணுவுக்கும் இடையில்தான் கத்தி விழும். இங்கே ஆர்ஈ ஒரு கணு, எல்ஈ ஒரு கணு. முதலில் மிட் ஃபார்முலாவால் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதை மட்டும் தனிச் செல்லில் வெட்டி வையுங்கள். பின்னத்தை அந்தத் துண்டுக்குள் மட்டும் தேடுங்கள். அங்கே பின்னம் இல்லையென்றால் பிழை வரும். வரட்டும், அந்தப் பிழைதான் நமக்கு வேண்டும். இஃப்எரர் போட்டு அதை வெற்றிடமாக்கிவிடாதீர்கள், "ரிப்போர்ட்டைப் படி" என்று வரவையுங்கள். எங்கள் பட்டியலில் அப்படி 14 பேர் வந்தார்கள். ஒவ்வொருவருடைய ரிப்போர்ட்டையும் உட்கார்ந்து படித்தோம்.

கணு தேடும்போது சர்ச் ஃபார்முலா வேண்டாம், ஃபைண்ட் ஃபார்முலா போடுங்கள். சர்ச்சுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தெரியாது. ஆங்கிலத்தில் ரிப்போர்ட் என்ற சொல் ஆர்ஈ-யில்தான் தொடங்குகிறது, லென்ஸ் எல்ஈ-யில்! எல்லாமே பெரிய எழுத்தில் அடித்திருந்தால் ஃபைண்டும் ஏமாறும், அதனால் முக்காற்புள்ளியையும் சேர்த்தே தேடுங்கள்.

"சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு இல்லை" என்ற வரியிலும் பாதிப்பு என்ற சொல் இருக்கிறது, பாதிப்பு உள்ளவர்களை எண்ணும்போது அதையும் சேர்த்துவிடாதீர்கள். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். ஆன்லைன் ஷீட்டில் ஏற்றும் முன் பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிடுங்கள், அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தது.

சில ஆஸ்பத்திரிகளில் வலது கண்ணுக்கு லத்தீனில் ஓ.டி. என்றும், இடது கண்ணுக்கு ஓ.எஸ். என்றும் எழுதுவார்கள். உங்கள் ஊரில் எப்படி எழுதுகிறார்கள்? கமென்ட்டில் போடுங்கள், அதற்கும் சேர்த்து ஃபார்முலா எழுதித் தருகிறேன்.