நிழலுக்கு என்ன வேலை?

எல்லோருக்கும் வணக்கம். உள்ளே வரும்போது வாசலில் ஒருவர் கேட்டார், "நிழல் அமைச்சரவைன்னா, தேர்தலில் தோத்தவங்க ஆளுக்கொரு பேரை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதுதானே?" என்று. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இந்த மேடை.

ஏற்பாடு ரொம்ப எளிது. நிதி, உள்துறை, சுகாதாரம் என்று அரசாங்கத்தில் எத்தனை இலாகா இருக்கிறதோ அத்தனைக்கும் எதிர்க்கட்சித் தலைவர் தன் ஆட்களில் ஒவ்வொருவரை நியமிக்கிறார், அந்த அமைச்சர் எழுந்தால் இவர் எழ வேண்டும். பிரிட்டனில் வேரூன்றி ஆஸ்திரேலியா, கனடா என்று பரவிய வழக்கம் இது. கனடாவில் இவர்களை 'விமர்சகர்' என்றே அழைத்துப் பழக்கம், ஒளிவுமறைவு இல்லாத பெயர்! பேர்தான் அமைச்சர், கையெழுத்துப் போட ஒரு தாள்கூடக் கிடையாது. பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவருக்கும், தலைமைக் கொறடாவுக்கும், கீழவையில் உதவிக் கொறடாக்கள் 2 பேருக்கும்தான் கூடுதல் சம்பளம். நாட்டின் வரவு செலவையே அலசவேண்டிய நிழல் நிதியமைச்சருக்கு சாதாரண எம்.பி. சம்பளம்தான்.

வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அங்கே ஓர் அமைச்சர் அவையில் அறிக்கை படிக்கப்போகிறார் என்றால், அதன் நகல் 45 நிமிடம் முன்னால் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது விதி. அமைச்சர் பக்கம் அந்த அறிக்கையை வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய அதிகாரிகள் இருக்கிறார்கள், சபாநாயகர் இருக்கைக்குப் பின்னால் அவர்களுக்கென்று தனியாக ஓர் அடைப்பே உண்டு, அமைச்சர் எங்காவது தடுமாறினால் அங்கிருந்து துண்டுச் சீட்டு வந்து சேரும். நிழல் அமைச்சருக்கு அந்த 45 நிமிடமும், உதவிக்கு இரண்டு மூன்று பேரும், ஒரு பேனாவும்தான். அடிக்கோடு போட்டுக்கொண்டே அவைக்குள் ஓடவேண்டும். பட்ஜெட் அன்று நிலைமை இன்னும் மோசம். நிதியமைச்சர் மணிக்கணக்கில் படித்துவிட்டு உட்கார்ந்ததும் எழுந்து பதில் சொல்லவேண்டியவர் எதிர்க்கட்சித் தலைவர், அதுவும் அப்போதுதான் காதில் விழுந்ததற்கு. ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறார்கள்: செவ்வாய்க்கிழமை பட்ஜெட், எதிர்க்கட்சித் தலைவரின் பதில் வியாழக்கிழமை.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு யாரைக் கண்காணிக்கிறார்கள்? அரசாங்கத்தை என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். எனக்கென்னவோ, நிழல் அமைச்சரவை முதலில் கட்டிப்போடுவது எதிர்க்கட்சியைத்தான் என்று தோன்றுகிறது. பொறுப்பே இல்லாத ஓர் எம்.பி. எழுந்து எல்லா வரியையும் ஒழிப்போம், எல்லோருக்கும் எல்லாம் இலவசம் என்று முழங்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம், யாரும் அவரைப் பிடித்துக் கேட்கப்போவதில்லை. நிழல் சுகாதார அமைச்சர் அப்படிப் பேசமுடியாது. "இன்னும் இத்தனை மருத்துவமனை" என்று அவர் வாயைத் திறந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிழல் நிதியமைச்சரே முழங்கையால் இடிப்பார்: காசு எங்கே? அந்தச் சண்டை மூடிய கதவுக்குள், ஆட்சிக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்தாகவேண்டும். நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போவது நாம்தான் என்ற பயம் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருடைய கேள்வியின் தரமே மாறிவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரிட்டனில் 1992 முதல் 1997 வரை தொழிற்கட்சியின் கார்டன் பிரவுன் நிழல் நிதியமைச்சர். 1997 மே 1 அன்று தேர்தல் நடந்தது, தொழிற்கட்சி ஜெயித்தது, பிரவுன் நிஜ நிதியமைச்சர் ஆனார். மே 6 அன்று, வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியிடமே கொடுத்துவிட்டதாக அறிவித்தார். நாற்காலியில் சரியாகச் சாய்ந்து உட்காரக்கூட நேரமில்லை! அத்தனை பெரிய முடிவை நாலைந்து நாளில் எடுக்கமுடியுமா? எதிர்வரிசையில் இருந்தபோதே போட்டுவைத்த திட்டம் அது. இதற்குத் துணையாக அங்கே இன்னொரு வழக்கமும் 1964இலிருந்து உண்டு. தேர்தல் நெருங்கும்போது, பிரதமர் அனுமதியோடு நிழல் அமைச்சர்கள் துறைச் செயலாளர்களைத் தனியாகச் சந்தித்துத் தங்கள் திட்டங்களைச் சொல்லலாம். என்ன பேசினார்கள் என்று அந்தச் செயலாளர் தன்னுடைய அமைச்சரிடம்கூடச் சொல்லக்கூடாது. இன்றைக்கு யாருக்குப் பதில் சொல்கிறாரோ அவரிடமே வாய் திறக்காமல், நாளைக்கு வரக்கூடியவர் பேச்சைக் கேட்டுக்கொள்கிற அதிகாரி! எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

இந்த நாகரிகம் ஒரே நாளில் வந்ததில்லை. பிரிட்டனில் எதிர்க்கட்சிக்கு வழங்கும் 'மன்னரின் எதிர்க்கட்சி' என்ற சொல்லே ஒரு கிண்டலில் பிறந்ததுதான். 1826இல் ஹாப்ஹவுஸ் என்ற உறுப்பினர் அவையில் வேடிக்கையாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசே சம்பளம் கொடுக்க முதலில் முன்வந்தது கனடா, 1905இல். பிரிட்டனுக்கு 1937 வரை ஆயிற்று: பிரதமருக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு, அவரை வீட்டுக்கு அனுப்பத் துடிக்கிறவருக்கு 2,000 பவுண்டு. இந்தியாவும் 1977இல் இதற்குச் சட்டம் போட்டது. ஆனால் தலைவரோடு நின்றுவிட்டது, அவருக்குப் பின்னால் துறைவாரியாக ஒரு நிழல் வரிசை வழக்கமாக வேர்விடவில்லை.

இல்லாத பதவியிலிருந்து ஒருவரைத் துரத்தலாமா என்றால், தாராளமாகத் துரத்தலாம். 1968 ஏப்ரலில் பிரிட்டனின் நிழல் பாதுகாப்பு அமைச்சர் ஈனாக் பவல், குடியேறிகளுக்கு எதிராக பர்மிங்காமில் ஒரு சனிக்கிழமை பேசினார், இனவெறித் தொனி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமையே எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் அவரை நீக்கிவிட்டார். தாமாகவே விலகுவதும் உண்டு. 2016 ஜூனில் தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் நள்ளிரவு தாண்டி போனிலேயே நிழல் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி பென்னை நீக்க, பொழுது விடிந்ததிலிருந்து ராஜினாமாக் கடிதங்கள் வந்து குவிந்தன. அப்புறம் கட்சி எம்.பி.க்களே 172க்கு 40 என்று கார்பின்மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள். அவர் அசையவில்லை. காலியான இடங்களுக்கு ஆள் தேடித் தேடி, கடைசியில் 81 வயது பால் ஃபிளின் தலையில் 2 இலாகாவைக் கட்டினார்கள், அதுவும் கால் நூற்றாண்டாகப் பின்வரிசையில் நிம்மதியாக இருந்த மனிதர்! நிழல் உதிர்ந்தால் எதிர்க்கட்சியிடம் மாற்று அரசாங்கம் தயாராக இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது, அந்த ராஜினாமாக்களின் வலி அங்கேதான்.

குறை இல்லாமலா? தலைவருக்கு வேண்டியவர் பொருளாதாரமே தெரியாமல் நிழல் நிதியமைச்சர் ஆகலாம். தொழிற்கட்சி எதிர்க்கட்சியாக இருக்கும்போதெல்லாம் எம்.பி.க்களே ஓட்டுப் போட்டு நிழல் அமைச்சரவையைத் தேர்ந்தெடுத்தார்கள், 2011இல் கட்சித் தலைவராக இருந்த எட் மிலிபாண்ட் அதை நிறுத்தித் தலைவர் கைக்கே கொண்டுவந்தார். நல்லதா கெட்டதா, சண்டை போடலாம். அடிக்கடி இலாகா மாற்றினால் யார் எந்தத் துறை என்று அவர்களுக்கே மறந்துபோகும். எனக்குப் பெரிய பயம் வேறு: அமைச்சரின் கோப்புக்குள்ளேயே தலையை விட்டு விட்டு, நாளடைவில் நிழலும் அமைச்சர் மாதிரியே யோசிக்கப் பழகிவிடுகிறது. துறை என்று பிரித்துவைத்த கட்டத்துக்குள் அடங்காத பிரச்சினை எதுவும் கண்ணில் படாது.

ஆனாலும் தேர்தல் முடிந்த பிறகு வரும் அந்த முதல் அறிக்கை நாள் எனக்குப் பிடிக்கும். முந்தின மாதம் வரை அந்த அடைப்பிலிருந்து சீட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது எதிர்வரிசையில், கையில் அடித்துத் திருத்திய நகல். சீட்டு எழுதிக்கொடுத்த அதே அதிகாரிகள் அதே அடைப்பில், வேறு ஆளுக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவர் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, கேள்வி கேட்க எழுந்திருக்கிறார்.