கடைமடையில் வயல் உள்ளவர்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல தலைமை பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் எதற்கும் தலைவராக இருந்தவன் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். தாமிரபரணியிலிருந்து பிரிகிற பாளையங்கால் வாய்க்கால் பாய்கிற ஊரில் பிறந்தவன் வேறு, அதனால் எதைத் தொட்டாலும் பேச்சு தண்ணீரில்தான் போய் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை என்றால் வாய்க்காலின் கடைசியில் தண்ணீர் வந்து சேருகிற இடம், தலைமடை என்றால் முதலில் பாய்கிற இடம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு வருஷம் பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் போதவில்லை. எங்கள் குளத்துத் தண்ணீர் முறையைப் பார்த்துக்கொண்டவர் தலைமடையில் வயல் உள்ளவர். நல்ல மனுஷர்தான், ஒரு பைசா தொட்டதில்லை. காலையில் வரப்பில் வந்து நிற்பார், தன் வயலில் தண்ணீர் தளும்பும், ஊருக்கெல்லாம் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவார். கடைமடையில் பயிர் கருகியது அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த வருஷம் பிள்ளையார் கோயில் முன்னால் கூடி, தண்ணீர் முறையைப் பார்க்கச் சொல்லி, கடைசி மடையில் துண்டு வயல் வைத்திருந்த ஒருவரைப் பிடித்தார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, “எனக்கு நாலு பேர் முன்னால பேச வராதே அண்ணாச்சி” என்றார். என் தாத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “பேச வேண்டாம்வே. உம்ம வயலுக்குத் தண்ணி வந்துட்டுன்னா ஊருக்கே வந்துட்டுன்னு அர்த்தம்.”

அந்தக் கடைமடைக்காரர் அரிக்கேன் விளக்கும் மம்பட்டியுமாக ராத்திரி முழுக்க வாய்க்காலோடு நடப்பார். ஒரு நாள் தாத்தாவோடு நானும் போனேன். ஒருவன் புல்லும் மண்ணும் போட்டு வாய்க்காலை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பியிருந்தான். இவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கேட்டார், அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையையெல்லாம் விசாரித்தார். அரை மணி நேரம் கழித்து அவனே எழுந்துபோய் அடைப்பை வெட்டிவிட்டான். இவருக்கு அந்த வருஷமும் முழுசாக விளையவில்லை, அதையும் சொல்ல வேண்டும். “போதும், என்னை விடுங்க” என்றார். ஊர் விடவில்லை.

பணிவு என்றால் மேடையில் குனிந்து கும்பிடுவது என்று நினைக்கிறோம். அதை யாரும் செய்யலாம், தேர்தல் சமயத்தில் எல்லோரும் செய்கிறார்கள். சால்வை போர்த்த ஒரு மணி நேரம், பேச்சு பத்து நிமிஷம்! இந்தச் சால்வை விஷயத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு, ஆரம்பித்தால் நிற்காது, விடுங்கள். நான் சொல்வது, கடைசி ஆளுக்கு வருகிற கஷ்டம் முதலில் தன் வீட்டுக்கு வருகிற இடத்தில் நிற்பதை. திரும்பவும் சொல்கிறேன், நிற்கிற இடம்தான்.

சங்கரன்கோவில் ரோட்டில் மானூர் வழியாகப் பஸ்ஸில் போயிருப்பீர்கள். அங்கே கோயிலில் பாண்டிய ராஜா மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சுமார் 1200 வருஷப் பழசு. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று விதி போட்டிருக்கிறார்கள். நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம், அது அந்தக் காலத்து அநியாயம். ஆனால் அதிலேயே இன்னொன்று: யார் என்ன சொன்னாலும் ‘இல்லை, இல்லை’ என்று மறித்துக்கொண்டே இருக்கிறவருக்கு ஐந்து காசு அபராதம், கூட நின்று தாங்குகிறவருக்கும் சேர்த்து. எத்தனை கூட்டத்தில் நொந்துபோய் இதை எழுதினார்களோ! நம்ம ஊர்க் கமிட்டிகளில் இன்றைக்கு இந்த அபராதத்தை வசூலித்தால் கோயில் கொடைத் திருவிழாச் செலவுக்கு வரி பிரிக்கவே வேண்டாம்.

வ.உ.சி. பற்றி விரிவாகப் பேசத்தான் குறிப்பெடுத்து வந்தேன், ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். கப்பல் கம்பெனி தொடங்கிய வக்கீல், 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகளின் கூலிக்காக அவர்களோடு நின்றார், கூலியும் கூடியது. மார்ச் 12இல் அவரைக் கைது செய்தார்கள், மறுநாளே திருநெல்வேலி கொதித்து எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். அந்தக் கூட்டத்தை யாரும் லாரி வைத்துக் கூட்டி வரவில்லை. மிச்சத்தை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன், வணக்கம்.