வீடு முதலில், குழாய் கடைசியில்: நகரங்கள் திணறுவது ஏன்?

வணக்கம் நண்பர்களே. நகரம் வேகமாகப் பெருகுகிறது என்று பேச்செடுத்தாலே நாம் நேராகப் போக்குவரத்து நெரிசலுக்குப் போய்விடுகிறோம். ஹாரன் காதில் விழுகிறது, புகை கண்ணில் படுகிறது, சரி. என்னைக் கேட்டால் பெரிய தலைவலி சாலைக்கு அடியில் இருக்கிறது. கழிவுநீர், மழைநீர், குடிநீர். இன்றைக்கு அதை மட்டும் பார்ப்போம்.

1950-இல் உலக மக்களில் பத்துக்கு மூன்று பேர்தான் நகரவாசிகள். இன்றைக்குப் பாதிக்கு மேல். 2050-இல் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டும் என்பது ஐ.நா.வின் கணிப்பு. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கிற இடத்துக்கு ஆள் வரத்தான் செய்வார்கள். வருகிறவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கோளாறு வரிசையில் இருக்கிறது. முதலில் மனை பிரிக்கிறார்கள், வீடு எழும்புகிறது, குடித்தனம் வருகிறது, மின்சாரம் வருகிறது. குழாய் கடைசியில்.

கடைசியில் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கழிவுநீர் பெரும்பாலும் பம்ப் இல்லாமல் தானாக ஓட வேண்டியது. அதற்குச் சரிவு வேண்டும். சிறிய குழாய் என்றால் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டே போக வேண்டும். காலி நிலத்தில் இது பெரிய விஷயமில்லை. கட்டி முடித்த தெருவில் தோண்டினால் குடிநீர்க் குழாய், மின் கேபிள், இணைய கேபிள் எல்லாம் குறுக்கே கிடக்கும். போதாததற்கு, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலையைப் போட்டுப் போட்டுத் தெருவை உயர்த்தியிருப்பார்கள். வாசல் பள்ளத்தில் நிற்கும். மழை பெய்தால் தண்ணீர் வேறு எங்கே போகும், வீட்டுக்குள்தான்.

இன்னொன்று. அதே சரிவில் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அது கொண்டுபோகும் தண்ணீர் இரண்டு மடங்கு இல்லை, ஆறு மடங்குக்கும் மேல்! செலவோ அப்படி ஏறுவதில்லை, ஏனென்றால் பணத்தில் பெரும்பகுதி பள்ளம் தோண்டி மூடுவதற்கே போகிறது. அப்படியிருக்க, முதலிலேயே பெரிதாகப் போடாமல் விடுவது என்ன சிக்கனமோ தெரியவில்லை.

லண்டனும் இந்தப் பாடத்தைத் தாமதமாகத்தான் படித்தது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அங்கே மக்கள்தொகை இரண்டு மடங்கைத் தாண்டியது. கழிவு தேம்ஸ் ஆற்றில் கலந்தது, அதே ஆற்றிலிருந்து பலர் குடித்தார்கள், காலரா திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் 1858 கோடையில் நாற்றம் ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றத்துக்குள் ஏறிய பிறகுதான் மளமளவென்று சட்டம் நிறைவேறியது. மூக்குக்கு எட்டினால்தான் கோப்பு நகரும் போல. பொறியாளர் ஜோசப் பசல்ஜெட் வருங்காலத்தையும் கணக்கில் வைத்துத் தாராளமாகக் கட்டிய சாக்கடைகள் இன்றும் ஓடுகின்றன.

நியூயார்க் வேறு வழியில் போனது. மன்ஹாட்டனின் பெரும்பகுதி வயலும் பாறையுமாக இருந்த 1811-லேயே 155-ஆம் தெரு வரை வரைபடத்தில் கோடு கிழித்துவிட்டார்கள். அப்போது நகரத்தில் ஒரு லட்சம் பேர்கூடச் சரியாக இல்லை. அந்தத் திட்டத்தில் குறை உண்டு. பூங்காவுக்கு இடம் விடுவதில் கஞ்சத்தனம். ஆனால் குழாய் போடத் தெரு இருந்தது.

குழாய்த் தண்ணீர் வராவிட்டால் மக்கள் காத்திருக்க மாட்டார்கள், ஆழ்துளைக் கிணறு போட்டுவிடுவார்கள். ஜகார்த்தாவில் அதுதான் நடந்தது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச மண் இறுகித் தரை இறங்குகிறது. வடக்குப் பகுதியில் கடலைச் சுவர் வைத்துத் தடுக்க வேண்டிய நிலை. டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலமும் இப்படித்தான் சில இடங்களில் நான்கு மீட்டருக்கு மேல் இறங்கியது. 1956-லும் 1962-லும் சட்டம் போட்டு நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், மாற்று நீர் கொடுத்தார்கள், இறக்கம் பெருமளவு நின்றது. இறங்கிய தரை மட்டும் திரும்ப ஏறவில்லை. அங்கே இன்றும் பம்பும் மதகும்தான் காவல்.

உங்கள் தெருவில் எது முதலில் வந்தது, சாலையா, வடிகாலா? கமெண்டில் எழுதுங்கள்.