எலிபாஸ் மாக்சிமஸ்: எந்த யானையின் பெயர்?

[திரையில்: கண்ணாடி ஜாடி. உள்ளே சுருண்டு கிடக்கும் யானைக் கரு.]

வணக்கம். ஜாடிக்குள் இருப்பது பிறக்காமலே போன ஒரு யானைக்குட்டி. சாராயத்தில் ஊறி இருநூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் ஆகிறது. முதலில் ஆம்ஸ்டர்டாமில் ஆல்பர்ட்டஸ் சேபா என்ற மருந்துக் கடைக்காரரிடம் இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் விநோதங்களையெல்லாம் வாங்கிச் சேர்த்த மனிதர் அவர். அப்புறம் ஸ்வீடன் அரசரிடம் கை மாறி, இப்போது ஸ்டாக்ஹோம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1758-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் இயற்கை அறிஞர் யானைக்கு எலிபாஸ் மாக்சிமஸ் என்று பெயர் வைத்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரங்களில் இந்தக் கருவும் ஒன்று. ஆப்பிரிக்க யானை வேறு, ஆசிய யானை வேறு என்று அப்போது பிரிக்கவில்லை. ஆப்பிரிக்க யானைக்குத் தனிப் பெயர் வைத்தவர் ஜெர்மன் அறிஞர் ப்ளூமென்பாக், 1797-இல். பழைய பெயர் நம் யானைக்கே நின்றுவிட்டது.

[திரையில்: பழைய பத்திரக் கட்டு ஒன்று.]

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் என்ன கேட்பார்? மூலப் பத்திரம். உயிர்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் வகைப்பாட்டியலிலும் அதே கதைதான். ஒரு அறிவியல் பெயர் காற்றில் மிதக்காது. எங்கோ ஒரு அலமாரியில் இருக்கும் ஒரு உடலோடு கட்டப்பட்டிருக்கும். அதற்கு டைப் ஸ்பெசிமன் என்று பெயர், தமிழில் மூல மாதிரி. நாளைக்குச் சண்டை வந்தால் எல்லோரும் போய்ப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

யானை விஷயத்தில் சண்டை வந்தது. அந்தக் கரு உண்மையிலேயே ஆசிய யானைதானா என்ற சந்தேகம். சேபாவின் புத்தகத்தில் அதன் படம் 1734-இலேயே அச்சாகியிருந்தது. படத்தைப் பார்த்துச் சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் கருவிலிருந்து துளி திசு எடுத்தார்கள். சாராயத்தில் கிடந்த டிஎன்ஏ நைந்துபோயிருந்தது. அதனால் புரதங்களைப் படித்தார்கள். இரண்டு யானைகளுக்கும் வித்தியாசப்படும் ஒரே ஒரு அமினோ அமிலம் காட்டிக்கொடுத்தது. டிஎன்ஏவும் பிறகு அதையே சொன்னது.

கரு ஆப்பிரிக்க யானையினுடையது. மூலப் பத்திரம் பக்கத்து நிலத்துக்கு!

நியாயப்படி பார்த்தால் பெயரே இடம் மாறிவிடும் ஆபத்து. லின்னேயஸ் காட்டிய மற்ற ஆதாரங்களைத் துழாவினார்கள். ஜான் ரே என்ற ஆங்கிலேயர் ஃபுளோரன்ஸ் நகரில் தான் பார்த்த ஒரு யானை எலும்புக்கூட்டைப் பற்றி எழுதியிருந்தார். அந்த எலும்புக்கூடு இன்றும் அங்கே நிற்கிறது. பரிசோதித்தார்கள்; ஆசிய யானைதான். 2013-இல் வெளியான ஆய்வின்படி, அதுவே இப்போது எலிபாஸ் மாக்சிமஸின் மூல மாதிரி.

[திரையில்: கணினித் திரையில் ஓடும் டிஎன்ஏ எழுத்துகள்.]

சரி, இந்தப் பழைய ஜாடிக் கதைக்கும் டிஜிட்டல் யுகத்துக்கும் என்ன சம்பந்தம்?

2003-இல் கனடாவின் உயிரியலாளர் பால் ஹீபர்ட் ஒரு யோசனை சொன்னார். கடைப் பொருளுக்கு பார்கோடு இருப்பதுபோல, விலங்குகளுக்கும் ஒரு மரபணுத் துண்டு, சுமார் 650 எழுத்து, போதும். அதைப் படித்தால் இனம் தெரியும். பூச்சியின் ஒரு கால் போதும், மீனின் ஒரு துண்டு போதும். நல்ல வேலை. ஆனால் ஒப்பிட ஒரு தரவுத்தளம் வேண்டும். அதில் இருக்கும் எழுத்துகள் எந்த உடலிலிருந்து வந்தன, அந்த உடலுக்குப் பெயர் சொன்னது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்டாக்ஹோம் கருவின் டிஎன்ஏவை யாராவது யோசிக்காமல் "ஆசிய யானை" என்று ஏற்றியிருந்தால்? உலகம் முழுக்க ஒரே நொடியில் பரவியிருக்கும் அந்தத் தப்பு.

பெயர் வைக்கும் சட்டமும் மாறியிருக்கிறது, மெதுவாகத்தான். புதுச் செடிக்குப் பெயர் வைத்தால் அதன் வர்ணனையை லத்தீனில் எழுதியே ஆகவேண்டும் என்ற விதி 1935 முதல் 2011 முடிய இருந்தது! 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம், இணையத்தில் மட்டும் வெளியிட்டாலும் செல்லும். விலங்குகளுக்கு இதே சலுகை 2012 செப்டம்பரில் வந்தது, ஒரு நிபந்தனையோடு: ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிய வேண்டும். நம் ஊர் பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் வேலை மட்டும் இல்லை.

[திரையில்: மரவண்டு போலவே இருக்கும் ஓர் ஈ.]

அடுத்த சண்டை 2015-இல். தென்னாப்பிரிக்காவில் மரவண்டைப் போல, அதாவது மரத்தைத் துளைக்கும் பெரிய தேனீயைப் போல, வேஷம் போட்ட ஓர் ஈ. அதற்கு மார்லேயிமியா சைலோகோபே என்று புதுப் பெயர் வைத்தார்கள். உடல் இல்லை, வெறும் போட்டோ! விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான வகைப்பாட்டியலாளர்கள் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அருகிப்போன ஓர் உயிரைக் கொன்றுதான் பெயர் வைக்க வேண்டுமா என்ற கேள்வி லேசானதில்லை. உடல் அருங்காட்சியகத்தில் இருந்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது: 2018 செப்டம்பர் 2 இரவு ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது, அங்கிருந்த பூச்சிச் சேகரிப்பு ஏறக்குறைய முழுவதும் சாம்பலானது. போட்டோ எடுத்து வைக்காத பூச்சிக்கு அப்புறம் முகமே இல்லை.

இருந்தாலும் என் ஓட்டு உடலுக்குத்தான். சேபாவின் 1734 படம் அந்தக் காலத்துப் போட்டோ. அது மட்டும் மிஞ்சியிருந்தால் எந்தப் புரதத்தைப் படித்திருக்க முடியும்? ஸ்கேன் செய்யுங்கள், பதிவேற்றுங்கள், கோவையில் உட்கார்ந்து லண்டன் செடியின் இலை நரம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆனால் ஜாடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

[திரையில்: கரிக்கோலால் வரைந்த யானை. தோலின் சுருக்கங்கள்.]

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஃபுளோரன்ஸ் எலும்புக்கூட்டுக்குச் சொந்தக்காரி பெயர் ஹான்ஸ்கன். இலங்கையில் பிறந்தவள். ஐரோப்பாவில் ஊர் ஊராக வித்தை காட்டவைத்தார்கள்; 1655-இல் ஃபுளோரன்ஸில் செத்துப்போனாள். நீங்கள் பார்க்கும் இந்தப் படத்தில் இருப்பதும் அவள்தான். 1637-இல் வரைந்தவர் ரெம்ப்ராண்ட்.