சுவர் என்றால் வசையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சிறு நிறுவனங்கள் டி-ஷர்ட்டில் அச்சிடும் படமும் வாசகமும் கலையா, கூச்சலா?' என்பது தலைப்பு. கலையே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் உங்களையெல்லாம் கைதட்ட வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். "போஸ்டரைச் சுவரில் ஒட்டினால் மாநகராட்சி கிழித்துவிடும். மார்பில் ஒட்டிக்கொண்டால் யார் கிழிப்பது? இந்தப் பிள்ளைகள் மனிதர்களா, நடமாடும் சுவர்களா?" என்று கேட்டார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போகமாட்டேன்.

ஐயா, சுவர் என்றதும் எனக்குத் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வந்தது. தான் கொடுத்தது, தன் அக்காள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் பெரிய கோயிலில் கல்லிலே வெட்டச் சொன்னான் இராஜராஜன். அங்கே ஆடிய 400 பெண்களின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் யார் குடியிருந்தார் என்பதும் அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. அரசன் போனான், படை போனது, அரண்மனை போனது. அந்தப் பெண்களின் வீட்டு முகவரியை ஆயிரம் ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருப்பது சுவர்! எங்கள் பிள்ளைகளைத் திட்ட வேண்டுமானால் வேறு சொல் தேடுங்கள். சுவர் என்பது எங்களுக்குப் பெருமை.

உடம்பில் எழுதுவது புதுப் பழக்கமாம். உங்கள் பாட்டியின் கையைப் பார்த்ததில்லையா? முழங்கை வரை பச்சை குத்தியிருப்பார்களே! கோலம் இருக்கும், தேள் இருக்கும், கணவன் பெயர் இருக்கும். சட்டையையாவது துவைக்கப் போடலாம். அது சாகும்வரை அழியாத அச்சு. அந்தக் கையால் சோறு வாங்கித் தின்ற நாம் கூச்சல் என்று ஒருநாளாவது சொன்னோமா?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் அக்காள் மகன் நாக்பூரில் படிக்கிறான். கோயம்புத்தூரில் இரண்டு நண்பர்கள் ஓர் அறையில் நடத்தும் நிறுவனத்திடம் கறுப்பு டி-ஷர்ட் ஒன்று வாங்கியிருந்தான். மார்பில் வெள்ளைக் கோட்டில் ஒரு வாழையிலை. இலைக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: 'சாப்பிட்டாயா?'

அக்காளுக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே ஆகாது. "ஊரையெல்லாம் விசாரித்துக்கொண்டு திரிகிறாயே, உன்னை அங்கே யாரடா விசாரிப்பது?" என்பாள்.

ஒருநாள் மாலை நண்பனை அழைத்துவர நாக்பூர் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறான். நடைமேடைத் தூண் ஓரத்தில் ஒரு வயதான அம்மா. கையில் தண்ணீர் பாட்டில். காசிக்குப் போகும் குழுவோடு வந்தவர். தண்ணீர் பிடிக்க இறங்கினார், ரயில் கிளம்பிவிட்டது. பை ரயிலில் இருக்கிறது, போன் பையில் இருக்கிறது. போர்ட்டர் வந்து கேட்கிறார், போலீஸ்காரர் வந்து கேட்கிறார். எல்லாம் இந்தியில். அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அழக்கூடப் பயந்துபோய் நிற்கிறார்.

இவன் குறுக்கே நடக்கிறான். அம்மா இவன் முகத்தைப் பார்க்கவில்லை. மார்பைப் பார்க்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். சா... ப்... பி... ட்... டா... யா. படித்துவிட்டுச் சொல்கிறார்: "இல்லை ராசா. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை."

மறுபடியும் சொல்கிறேன், பின்வரிசைக்கும் கேட்க வேண்டும். ரயிலைத் தவறவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பை போய்விட்டது என்று சொல்லவில்லை. நீ தமிழ்ப் பிள்ளையா என்றுகூடக் கேட்கவில்லை. சட்டை கேட்டது, அம்மா பதில் சொன்னார்! இவனோ போனில் பேசிக்கொண்டே நாலடி தாண்டிப் போய்விட்டான். யாரோ தமிழில் 'இல்லை ராசா' என்கிறார்களே, யாருக்குச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால், அந்த அம்மா இன்னும் இவன் சட்டையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பூரி வாங்கிக் கொடுத்தான். ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் செய்தான். குழுவினர் இட்டார்சியில் இறங்கிக் காத்திருப்பதாகத் தகவல் வந்தது. அடுத்த ரயிலில் தானே கூடப் போய் ஒப்படைத்தான். விடைபெறும்போது அந்த அம்மா அவன் மார்பில் இருந்த வாழையிலையைத் தொட்டுக்காட்டிச் சொன்னாராம்: "இலை போட்டுக் கூப்பிட்டாய், சோறும் போட்டுவிட்டாய்."

எதிரணித் தலைவரே, இதுவா கூச்சல்?

1984-இல் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் லண்டனில் அளித்த வரவேற்புக்கு கேத்தரின் ஹாம்நெட் என்ற ஆடை வடிவமைப்பாளர் போனார். 58 சதவீதம் பேருக்கு பெர்ஷிங் என்ற அமெரிக்க அணு ஏவுகணை வேண்டாம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு தாட்சரின் கையைக் குலுக்கினார். நாற்பது ஆண்டு கழித்தும் அந்தப் புகைப்படத்தைப் பேசுகிறோம். இங்கே 2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' என்ற வாசகத்துக்குத் திருப்பூரில் ஆர்டர் குவிந்தது. மேடைப் பேச்சு எட்டாத இடத்துக்கெல்லாம் அந்த மூன்று சொல் போய்ச் சேர்ந்தது.

படத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒரே சட்டையை விற்கிறார்கள் என்றார் எதிரணியில் இன்னொருவர். வலைச்சட்டம் வழியே மையை இழுத்து அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில், ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது ஒரு வலைச்சட்டம், செய்ய வேண்டும். கறுப்புத் துணி என்றால் முதலில் வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல்தான் மற்ற நிறம். நூறு சட்டை மட்டும் போடும் பிள்ளைக்கு ஒவ்வொரு ஸ்கிரீனும் கையைக் கடிக்கும் செலவு. அதனால் ஒரே நிறத்தில், நாலு கோட்டில் சொல்ல வந்ததைச் சொல்கிறான். வேண்டாத கோட்டை ஒவ்வொன்றாக அழித்து அழித்து அந்த வாழையிலைக்கு வந்து சேர்ந்தானே, அதற்குப் பெயர் கலை இல்லையென்றால் வேறு எதற்கு? இப்போது படத்தைப் பிலிமில் அச்சிட்டு, சூட்டில் அழுத்தி ஒட்டும் டிடிஎஃப் முறை வந்துவிட்டது. ஒரே ஒரு சட்டைகூட அடித்துப் பார்க்கலாம். இன்னும் துணிச்சலான படங்கள் வரும், பாருங்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதி வேண்டும்.

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் கூடத்துக்குப் போயிருந்தேன். நீள மேசையில் வரிசையாகத் துணி ஒட்டி, ஸ்கிரீனை வைத்து மையை இழுத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். ஒடிசாவிலிருந்து வந்தவன். அவன் அடித்துக்கொண்டிருந்தது தமிழ் வாசகம். ஓர் எழுத்துகூட ஒரு நூல் விலகவில்லை. அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மேற்பார்வையாளரிடம் கேட்டான், இந்த ஐயாவிடம் கேளுங்கள், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று. சாப்பிட்டாயா என்று கேட்கிறது என்றேன். மேற்பார்வையாளர் அவன் மொழியில் சொன்னார். பையன் மை இழுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "எங்கள் அம்மா தினமும் போனில் இதைத்தான் கேட்கிறார்" என்றான்.

தமிழ் தெரியாத அவனைப் போன்ற ஒரு பிள்ளை அடித்த எழுத்துதானே ஐயா, இந்தி தெரியாத அந்த அம்மாவை நாக்பூரில் காப்பாற்றியது? வரைந்தவன் ஓர் ஊர், அடித்தவன் ஓர் ஊர், போட்டுக்கொண்டவன் ஓர் ஊர், பசியோடு நின்றவர் ஓர் ஊர். இத்தனை பேரையும் ஒரு பனியன் துணி ஒன்றாக நிறுத்தியிருக்கிறது. அதைக் கிழிக்க ஆள் தேடுகிறீர்களே!

தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் வரட்டும். இந்த அவையிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பிள்ளைகளிடம் சட்டை வாங்கும்போது, திருப்பூர் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே என்று பேரம் பேசாதீர்கள். அவர்கள் படத்தைத் திருடி அடித்த பிரதியைத் தெருவில் பார்த்தால் தொடாதீர்கள். வரைந்தவர் யார் என்று பெயரைக் கேளுங்கள், கேட்ட விலையைக் கொடுங்கள். வணக்கம்.