வாளித் தண்ணீர் கேட்கும் கேள்வி: வெளி ஒரு பொருளா?

[காட்சி: வெள்ளவத்தை, அடுக்குமாடியின் மொட்டைமாடி. கயிற்றில் தொங்கும் வாளி.]

வெளி என்பது பொருள்கள் இருக்கும் வெற்றிடம் மட்டுமா, இல்லை அதுவே பொருள்கள்மீது ஏதும் செய்கிறதா? 1687இல் நியூட்டன் இதற்குச் சாட்சியாகக் கூப்பிட்டது ஒரு வாளியை.

வாய் 28 சென்டிமீட்டர் அகலமுள்ள வாளியில் 5 லீட்டர் தண்ணீர், இரண்டு மீட்டர் தும்புக்கயிறு போதும். கயிறு இறுகும்வரை முறுக்கி, தண்ணீர் அடங்கியபின் கையை விடுங்கள். சில கடதாசித் துண்டுகளை மிதக்கவிட்டால் தண்ணீர் சுற்றுகிறதா என்று தெரியும். கைப்பிடியின் நடுவில் கட்டாவிட்டால் வாளி தள்ளாடும். பிறகு நீங்கள் பார்ப்பது வெறும் அலை. கடற்காற்றும் அதே வேலையைச் செய்யும், ஆகவே காற்று அடங்கிய நேரம் பாருங்கள்.

[கிட்டக் காட்சி: நீர்ப்பரப்பு.]

முதலில் வாளி மட்டும் சுற்றும்; நீர்ப்பரப்பு தட்டை. போகப்போகத் தண்ணீரும் வாளியின் வேகத்தைப் பிடித்து, விளிம்பில் ஏறி நடுவில் குழியும். விநாடிக்கு ஒரு சுற்றென்றால் விளிம்புக்கும் நடுவுக்கும் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வித்தியாசம். கயிறு கட்டையென்றால் அதற்கு முன்பே முறுக்கு தீர்ந்துவிடும்.

வாளிக்கும் தண்ணீருக்கும் வேகம் வேறுபட்டபோது தட்டை. வேறுபாடே இல்லாதபோது குழி. அப்படியானால் காரணம் வாளி இல்லை. தண்ணீர் வெளியைப் பொறுத்தே சுற்றுகிறது என்றார் நியூட்டன்.

ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸுக்கு இது தொண்டையில் இறங்கவில்லை. உலகம் முழுவதையும் சற்றுத் தள்ளிவைத்தால் எதுவும் மாறாது, ஆகவே வெளி தனிப்பொருள் அல்ல என்று 1715–16இல் நியூட்டனின் பக்கம் நின்று வாதிட்ட கிளார்க்குக்கு எழுதினார். கூர்மையான வாதம்தான். ஆனால் அது தள்ளிவைப்பதற்குச் செல்லும், சுழற்றுவதற்குச் செல்லாது.

1883இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் மாக் வேறு பக்கம் கை காட்டினார்: தண்ணீர் சுற்றுவது தூரத்து விண்மீன்களைப் பொறுத்து. இந்த வாளியின் மெல்லிய சுவர் ஒன்றும் செய்யவில்லை; ஆனால் சுவர் பல கிலோமீட்டர் தடிப்பாக இருந்தால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஐன்ஸ்டைனின் மனக்குறை, நியூட்டனின் வெளி எல்லாவற்றிலும் வினை செய்யும், ஆனால் எதுவும் அதைத் தொடாது என்பது. 1915இல் அவர் சமன்பாடுகள் அதைச் சரிசெய்தன: பொருளும் வெளியை வளைக்கும். மாக்கும் இதோடு வென்றுவிட்டார் என்றே அவர் நினைத்தார். 1917இல் ஐன்ஸ்டைன் அந்தச் சமன்பாடுகளில் ஒரு மாறிலியைச் சேர்த்தார்; அதே ஆண்டு டச்சு வானியலாளர் டி சிட்டர் அவற்றிலிருந்தே பொருளே இல்லாத ஒரு பிரபஞ்சத்தை எடுத்துக் காட்டினார். அங்கே ஒரு சிறு வாளியைச் சுழற்றினாலும் தண்ணீர் சுவரை நோக்கித்தான் ஒதுங்கும்.